வசவுக்குப் பதில் வேண்டாம், ஆவணம் வேண்டும்

ஓர் ஆணவக் கொலையைக் கண்டித்து முகநூலில் நான்கு வரி எழுதினால் போதும், அரைமணி நேரத்தில் நூறு பதில்கள் வந்து குவிந்துவிடும். "இப்பல்லாம் எவன் சாதி பார்க்கிறான்?" என்று கேட்பவரும், அதற்குக் கீழேயே நம் சாதியைச் சொல்லித் திட்டுபவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி, காலையில் வகுப்புக்கும் வேலைக்கும் தூக்கக் கண்ணோடு போகிற இளம் தோழர்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

வருகிற பதில்களை நாங்கள் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம்: கேள்வி, வாதம், வசவு.

உண்மையாகவே தெரியாமல் கேட்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். "கிறித்தவத்துக்கு மாறினால் எஸ்.சி. சான்றிதழ் ஏன் கிடைப்பதில்லை?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே முழுமையாகப் பட்டியலில் வைத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இப்படி அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வைத்திருக்கிறோம். யார் கேட்டாலும் அதே பொறுமையோடு கொடுக்கிறோம்.

வாதத்தை எப்படிக் கையாள்வது என்பதை அண்ணல் அம்பேத்கர் காட்டியிருக்கிறார். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டையே ரத்து செய்தபோது, அங்கே பேசவிருந்த உரையை 1936-இல் சொந்தச் செலவில் 'சாதி ஒழிப்பு' நூலாக அச்சிட்டார். அந்த ஜூலையில் காந்தி 'ஹரிஜன்' இதழில் அதை மறுத்து எழுதினார். அம்பேத்கர் என்ன செய்தார்? 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் மறுப்பை அப்படியே சேர்த்து, அதற்குத் தன் பதிலையும் சேர்த்து வெளியிட்டார். இன்று அந்த நூலை எடுப்பவர் இரண்டு பக்கத்தையும் படித்துத்தான் முடிவுக்கு வருகிறார். எதிராளியின் வாதத்தை மறைக்காமல், நம் இடத்தில், நம் பதிலோடு வைப்பது அவருடைய வழி. ஒரு நல்ல வாதம் வந்தால் அதன் கீழே சண்டை போடாமல், அதைக் குறிப்பிட்டு நாங்கள் தனிக் கட்டுரையாக எழுதுவது அதனால்தான்.

மூன்றாவது, வசவு. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது கருத்துச் சுதந்திரம் அல்ல, குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவை பொதுப்பார்வையில் நடக்கும் இழிவுபடுத்தலைத் தண்டிக்கின்றன. இணையத்தில் ஏற்றிய வீடியோவும் பொதுப்பார்வைக்குள் வரும் என்று 2022-இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. இன்பாக்ஸில் தனியாக வரும் வசவு இந்தப் பிரிவுகளுக்குள் வருவது கடினம். கொலை மிரட்டல் என்றால் அதற்குத் தனிப் பிரிவு உண்டு.

எனவே திட்டியவனைத் திருப்பித் திட்டாதீர்கள், உடனே பிளாக்கும் செய்யாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவின் லிங்க், அந்தக் கணக்கின் லிங்க், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புகாரைப் பதிவு செய்யாமல் கடமை தவறும் அரசு ஊழியர் மீது, அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால், அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு பாயும்.

இந்த வேலையை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. நாங்கள் வாரம் ஒருவராக முறை வைத்துப் படிக்கிறோம். பெண் தோழர்களுக்குச் சாதி வசவோடு பாலியல் வசவும் சேர்ந்து வருவதால், அவர்கள் பதிவுக்கு வருவதை வேறொருவர் படித்துச் சேமிக்கிறார். எழுதியவர் அதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

நம்மைக் களைப்படையச் செய்வதுதான் அவர்கள் திட்டம். கேட்பவருக்கு விடை சொல்வோம், வாதிடுபவருக்குக் கட்டுரை எழுதுவோம், திட்டுபவனை வழக்கில் சந்திப்போம். மிச்ச நேரத்தில் படிப்போம், தூங்குவோம். ஜெய் பீம்.