கயிறு இழுத்தால் கிளம்பிய ஜெட்!

மியூனிக் நகரின் இசார்டோர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தால், இசார் நதியின் நடுவே ஒரு தீவு. அங்கேதான் இருக்கிறது டாய்ச்சஸ் மியூசியம். அதன் விமான சேகரிப்பில் தவறவிடக் கூடாத ஒன்று, மெஸ்ஸர்ஷ்மிட் 262. இரண்டாம் உலகப் போரில் களமிறங்கிய முதல் ஜெட் போர் விமானம். வேகம், மணிக்குச் சுமார் 870 கிலோமீட்டர்.

இதன் ஜெட் இன்ஜின் தானாகக் கிளம்பாது. முதலில் யாராவது அதைச் சுழற்றிவிட வேண்டும். காற்று உள்ளே அழுத்தப்பட்டு, எரிபொருள் பற்றிக்கொண்டால்தான் பிறகு தானே ஓடும்.

அந்த முதல் சுழற்சிக்கு ஜெர்மானியர்கள் வைத்தது என்ன தெரியுமா? இன்ஜினின் வாயில் தெரியும் கூம்புக்குள் ஒரு குட்டி டூ ஸ்ட்ரோக் மோட்டார். சக்தி 10 குதிரைத்திறன். நம்ம ஊர் ஆர்எக்ஸ் 100 பைக்குக்குக்கூட 11 உண்டு! பட்டனில் கிளம்பாவிட்டால், மூக்கிலிருக்கும் வளையத்தைப் பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டியதுதான். கரன்ட் போனால் கடைக்காரர் ஜெனரேட்டரை இழுப்பாரே, அதே கதை.

அடுத்தது தீனி. பற்றவைக்க மட்டும் பெட்ரோல். சூடானதும் ஜே2 என்ற டீசல் மாதிரியான எண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்தும் அதைத் தயாரித்தார்கள். அதையும் வீணாக்க மனமில்லாமல், ஓடுபாதை வரை விமானத்தைச் சங்கிலிச் சக்கர மோட்டார் சைக்கிளால் இழுத்துச் சென்றதுண்டு.

பைலட் அவசரப்பட்டு எரிபொருளை அதிகம் திறந்தால், சூடு எகிறி இன்ஜின் பாழ். நிக்கல் தட்டுப்பாட்டால் மட்டமான எஃகு. ஆயுள் மொத்தம் 25 மணி நேரம்தான். பல இன்ஜின்கள் அதுவரைகூடத் தாங்கவில்லை.

மியூசியத்தில் நிற்கும் விமானம் 1945 ஏப்ரல் 25 அன்று சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் வந்து இறங்கியது. சுவிஸ் அரசு பத்திரமாக வைத்திருந்து 1957-ல் ஜெர்மனியிடம் கொடுத்தது.

இந்த ரக விமானங்களின் உடல்பகுதியை, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு அருகே சுரங்கங்களுக்குள் செய்தவர்கள் குசென் வதை முகாம் கைதிகள். அந்த முகாம்களில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். குசெனில் இப்போது நினைவிடம் இருக்கிறது. மியூனிக் போகிறவர்கள் இன்னொரு நாள் ஒதுக்கினால், அதையும் பார்த்துவிட்டு வரலாம்.