அமைதி அறை என்றொரு பூட்டிய அறை

வீட்டில் ஒரு பிள்ளையை அறையில் தள்ளிக் கதவைப் பூட்டினால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? அதையே பள்ளியில் செய்தால் "அமைதி அறை" என்று பெயர் வைத்துவிடலாம்!

அமெரிக்கப் பள்ளிகளில் ஆட்டிசம் போன்ற குறைபாடுள்ள பிள்ளைகள் கத்தினாலோ முரண்டு பிடித்தாலோ கை கால்களைப் பிடித்து அமுக்குவதும், சிறு அறையில் தனியே அடைப்பதும் வெகுகாலமாக நடக்கிறது. 2004ல் ஜார்ஜியா மாநிலத்தில் அப்படி அடைக்கப்பட்ட 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அம்மாநிலப் பள்ளிகளில் தனி அறையில் அடைக்கத் தடை வந்தது 2010ல்தான்.

2017-18 கல்வியாண்டில் மட்டும் நாடு முழுவதும் 1,01,990 மாணவர்கள் இப்படி நடத்தப்பட்டதாக அந்நாட்டுக் கல்வித்துறையின் கணக்கு சொல்கிறது. மொத்த மாணவர்களில் மாற்றுத்திறனாளிகள் 13 சதவீதம். பிடித்து அமுக்கப்பட்டவர்களிலோ 80 சதவீதம்!

இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லையா? எழுதினார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒவ்வொரு முறை அடைத்ததையும் பதிவு செய்ய வேண்டும் என்பது பழைய விதி. ஊழியர்கள் ஒழுங்காக எழுதினார்கள், பிள்ளை கெஞ்சியதைக்கூட. மேலிடத்தில் அதைப் படிக்கத்தான் ஆளில்லை. பத்திரிகையாளர்கள் அந்த ஏடுகளைப் புரட்டி 2019 நவம்பரில் செய்தி வெளியிட்டார்கள். சுமார் 15 மாதங்களில் 20,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள். விவரம் இருந்த சுமார் 12,000 சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதுகாப்புக் காரணம் எதுவுமே எழுதப்படவில்லை. செய்தி வந்த மறுநாளே மாநிலக் கல்வி வாரியம் அவசரத் தடை போட்டது. 2021ல் சட்டமும் வந்தது.

தணிக்கை இல்லாத கணக்குப் புத்தகம் வெறும் காகிதம்தான் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே பிள்ளை மருத்துவமனையில் இருந்தால், கட்டுப்படுத்தவும் அடைக்கவும் 2000ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வரம்பு விதிக்கிறது. பள்ளிக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. 2010ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா செனட்டைத் தாண்டவில்லை. அதன்பின் பலமுறை கொண்டுவந்தும் சட்டமாகவில்லை.

ஆசிரியர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். ஒரு பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நொடியில் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். ஆபத்து நீங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். கதவைப் பூட்டக்கூடாது. அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை ஏன் கத்தியது என்று புரிந்துகொள்ள ஆசிரியருக்குப் பயிற்சி தர வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை கத்தித்தான் சொல்கிறது. அதைக் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு, அறைக்கு அமைதி என்று பெயர் வைப்பது யாருக்காக?