பள்ளம் எங்கிருந்து தொடங்குகிறது

ரப்பர்ப் பாலில் வார்த்த நுரை, தென்னை நார்த் தகடு, பஞ்சு ஆகியவற்றை அடுக்கி, ஜிப் வைத்த உறைக்குள் அடைத்து, இயற்கை மெத்தை என்று விற்கப்படும் படுக்கையைப் பற்றி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான கடைகளில் இரண்டு கூற்றுகள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன: இயற்கைப் பொருள் ஆதலால் அது தொய்யாது, தொய்ந்து முதுகு வலித்தால் அதைவிடக் கடினமான ஒன்றை வாங்க வேண்டும். முதற்கூற்று மெய்யானால் இரண்டாவதற்கு வேலையே இல்லை என்னும் முரண்தான் இத்தேடலின் தொடக்கம். கட்டுரையாளரின் வீட்டு மெத்தை வாங்கிய சில ஆண்டுகளுக்குள் இடுப்பு படியும் இடத்தில் குழிந்து, காலையில் எழும்போது கீழ்முதுகைப் பிடித்துக்கொள்ளச் செய்ததும், கடைக்காரரின் விளக்கம் ‘உடம்பு வெயிட்டு சார்’ என்பதோடு முடிந்ததும் அத்தேடலை விரைவுபடுத்தின.

இரண்டாம் கூற்றைத் தீர்ப்பது எளிது. ஸ்பெயினில் நாட்பட்ட கீழ்முதுகு வலி உடைய 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கடினமான மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து, 90 நாட்களுக்குப் பின் ஒப்பிட்ட கோவாக்ஸ் குழுவினரின் ஆய்வு 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. படுத்திருக்கையில் வலி, எழுகையில் வலி, அன்றாட வேலைக்கான இடையூறு ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களே தேறியிருந்தனர். முதுகுவலிக்காரர் கடினமான மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு இதற்குப் பிறகு வலுவில்லை.

எஞ்சியது முதற்கூற்று. அலுமினிய நேர்கோல் ஒன்றை மெத்தையின் குறுக்கே வைத்து, கோலுக்கும் துணிக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளந்தபோது குழி கண்ணுக்கே தெரிந்தது. ஆயின் அது எந்த அடுக்கின் குழி என்பதை நேர்கோல் சொல்லாது. ஐயம் முதலில் மேலடுக்கான ரப்பர் நுரையின் மீது விழுந்தது. தேடலின் பெரும்பகுதியும் அங்கேயே கழிந்தது. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களிலோ கேரளத்திலோ வடிக்கப்படும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர் இருப்பதால், அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, சுழற்றிப் பிரிக்கும் எந்திரத்தில் இட்டு, ரப்பரின் பங்கை 60 விழுக்காட்டுக்கு உயர்த்துகிறார்கள். பின் கந்தகமும் பிற வேதிப்பொருள்களும் கலந்து, நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைக்கிறார்கள். பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தைச் சேர்ந்த மர்ஃபி 1929இல் கண்ட இந்த முறையில், சமையலறை முட்டையடிப்பான் ஒன்று முதற்கருவியாக இருந்தது என்பது அத்தொழிலில் வழங்கும் கதை. அச்சில் ஊற்றிய நுரை உறைவதற்குள் கனத்த துகள்கள் அடியில் படிவதால் நுரையின் ஒரு முகம் மற்றதைவிட இறுகியிருக்கும். அதன் உடல் முழுதும் காணப்படும் பென்சில் பருமனுள்ள துளைகள், அச்சின் முட்கள் வெப்பத்தை உள்ளே கொண்டுசென்ற தடங்களாகும்.

இவ்வளவையும் அறிந்த பின் உறையைத் திறந்து பார்த்தால், நுரையின் ஒரு பக்கம் மஞ்சளித்து, விரலால் தேய்க்கும்போது மாவாக உதிர்ந்தது. வெயிலும் வெப்பமும் உயிர்வளியோடு சேர்ந்து ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுப்பதன் விளைவு இது. கட்டுரையாளரின் தாய்வழி வீட்டில் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு அடைத்த மெத்தை ஒவ்வொரு கோடையிலும் மொட்டை மாடிக்கு ஏறியதைப் பார்த்துப் பழகியவர்களே புது மெத்தையையும் சித்திரை வெயிலில் காயவைத்திருந்தனர். உள்ளீடற்ற குழாய்போன்ற இலவ இழைக்குள் பெரும்பகுதி காற்றே. அமுங்கிய பஞ்சிலிருந்து ஈரம் போனால் அது மீண்டும் உப்பிவிடும். இலவத்துக்கு மருந்தான அதே வெயில் ரப்பருக்கு நஞ்சு. ஆனால் உதிர்வு விளிம்பில்தான் இருந்தது, பள்ளமோ நடுவில் இருந்தது. நுரையைத் தனியே தரையில் விரித்தபோது அது ஏறத்தாழ மட்டமாகவே கிடந்தது. குற்றவாளியாக நினைக்கப்பட்ட அடுக்கு இவ்வாறு விடுதலை பெற்றது.

தேடலின் திசை மாறியது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் இருக்கைகள் செய்யும் ஆலையொன்றில் பணிபுரியும் பொறியாளர் ஒருவரால். இருக்கையைச் சோதிப்போர் எச்-பாயிண்ட் என்ற ஒன்றை அளக்கிறார்கள். அது, மனித உருவ அளவுக் கருவி ஒன்றை இருக்கையில் அமர்த்தும்போது அதன் இடுப்பு மூட்டு எங்கே போய் நிற்கிறது என்பதைக் குறிக்கும் புள்ளி. நுரையின் கடினத்தை வட்டத் தட்டால் அழுத்தித் தனியே அளப்பதும் உண்டு. ஆயினும் இறுதித் தீர்ப்பு, நுரை, அதன் கீழுள்ள கம்பி வலை, இரும்புச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகு இடுப்பு நிற்கும் இடத்தைப் பொறுத்ததே. சட்டத்தை விட்டுவிட்டு நுரையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்று அவர் போகிற போக்கில் சொன்னது, அதற்கு முன்பே கேட்டு அலட்சியம் செய்யப்பட்ட ஒரு குரலுக்கு மறுபடி மதிப்பளித்தது.

அது ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பஞ்சு அடித்து மெத்தை தைக்கும் முதியவர் ஒருவரின் குரல். மெத்தையின் படத்தைக் காட்டிப் பழுது கேட்டபோதெல்லாம் அவர் பார்க்கவே மறுத்தார். “கட்டில காட்டாம மெத்தையப் பத்தி என்னத்த சார் பேசறது?” என்பதே அவருடைய விடை. மெத்தைக்கு எத்தனை வயது என்றும் அவர் கேட்பதில்லை. எத்தனை பேர் படுக்கிறார்கள், எந்த ஷிப்ட் என்று கேட்பார். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் பெண்கள் விடுதி போல 18,720 பேருக்குத் தனித்தனிப் படுக்கை தரும் கட்டடங்கள் ஒருபுறம் இருக்க, வாடகையைப் பங்கிடும் அறைகளில் இரவு வேலைக்காரர் வந்து படுக்கும் பாய் மெத்தையில் பகல் வேலைக்காரரின் சூடு ஆறியிருக்காது. அத்தகைய மெத்தைக்கு ஓராண்டு என்பது ஈராண்டு. உத்தரவாதச் சீட்டுகள் ஆண்டுக் கணக்கில் எழுதப்படுவதைவிட இவருடைய மணிக் கணக்கு அறிவியலுக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை.

வீட்டுக்கு வந்த அவர் மெத்தையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, கட்டிலின் இரு பக்கச் சட்டங்களுக்கிடையே கொத்தனாரைப் போல நூல் பிடித்தார். மெல்லிய பிளைவுட் நடுவில் நூலுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதைத் தாங்க வேண்டிய ரீப்பர்கள் அகல இடைவெளியில் கிடந்தன, நடுக்கால் இல்லை. கட்டிலுக்கு அடியில், மேற்சொன்ன பள்ளத்துக்கு நேர் கீழே, பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. அவர் அதைச் சிட்டிகை எடுத்து முகர்ந்து, “நாரு செத்துப்போச்சு” என்றார்.

தென்னை நார்த் தகடு என்பது, முறுக்கிச் சுருளாக்கிய நாரைப் பிரித்துப் பரப்பி, ரப்பர்ப் பால் தெளித்து, அழுத்தி வேகவைத்துச் செய்வது. நார்கள் ஒன்றையொன்று கடக்கும் இடந்தோறும் ஒட்டியிருக்கும் ரப்பர்ப் புள்ளிகளே அதன் மீள்தன்மைக்கு ஆதாரம். கீழே பலகை வளையும்போது தகடும் அதனுடன் ஒவ்வோர் இரவும் வளைந்து நிமிர்கிறது. ஒட்டுப் புள்ளிகள் அறுந்து, நார் ஒடிந்து, தூளாகிக் கீழே இறங்குகிறது. ஆகவே பள்ளம் மேலிருந்து கீழே போனதன்று. கட்டிலில் தொடங்கி, நாரின் வழியே ஏறி, கடைசியில்தான் படுப்பவரின் இடுப்பை அடைந்திருக்கிறது. மெத்தையின் மேல் இன்னொரு மெல்லிய மெத்தை விரிக்கும் பரவலான வைத்தியம் பலிக்காமல் போவதும் இதனால்தான்: மேலே விரித்தது குழியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும், நிரப்புவதாயின் குழிந்த அடுக்குக்குக் கீழேதான் நிரப்ப வேண்டும்.

தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடும்படி கடைகளில் தரப்படும் அறிவுரையையும் முதியவர் ஏற்கவில்லை. அதற்கு அவர் காட்டிய காரணம் வியப்பூட்டுவது. தலையணைக்கு மேலே விடும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நடுத்தர உயரமுள்ளவரின் இடுப்பு ஆறேகால் அடி மெத்தையின் சரிபாதியை ஒட்டியே விழுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம் அதே இடத்தில்தான் இருக்கும். “நடுவுல வெட்டிருங்க. ஓரத்த உள்ள கொண்டாந்து, செத்தத ரெண்டு கடைசிக்கும் தள்ளிருங்க” என்றார் அவர். அதன்படி நார்த் தகடு குறுக்கே இரண்டாக அறுக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியும் முன்பின்னாகத் திருப்பப்பட்டு, ஒடியாத பகுதிகள் நடுவில் சேர்த்துச் சணல் கயிற்றால் தைக்கப்பட்டன. தேய்ந்த பகுதிகள் தலைக்கும் பாதத்துக்கும் போயின. கட்டிலுக்கு நடுக்கால் ஒன்றும், நெருக்கமான ரீப்பர்களும், அவற்றின் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் வந்தன. ரப்பர் நுரை இறுகிய முகம் கீழாகப் பழைய இடத்துக்கே திரும்பியது.

காலைப் பிடிப்பு குறைந்திருக்கிறது. கட்டிலும் நாரும் ஒரே நாளில் மாற்றப்பட்டதால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. உறையைத் திறந்து அடுக்கை அறுத்த மெத்தைக்கு உத்தரவாதம் செல்லாது என்று கடைக்காரர் தெரிவித்துவிட்டார். முதியவரோ நுரையின் மேல் இன்னமும் நம்பிக்கை கொள்ளவில்லை. அடுத்த மாசி பங்குனியில் இலவங்காய் வெடிக்கும்போது போடியிலிருந்து வரும் புதுப் பஞ்சில் பன்னிரண்டு கிலோ எடுத்துவைப்பதாகவும், முன்பணம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.