வண்டியைச் சுற்றி வருதல்

சரக்கு லாரி ஓட்டுகிறவன் சாவியைத் திருப்புமுன் தன் வண்டியை ஒருமுறை முழுவதுமாகச் சுற்றி வரவேண்டும் என்பதையே, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அடுத்த எங்கள் எல்லைக் கிராமங்களில் கிளீனராகச் சேரும் பிள்ளைகளுக்கு, பழைய ஆசான்மார் முதற்பாடமாகக் கற்பித்து வந்தார்கள். எனக்கும் அதுவே முதற்பாடமாயிற்று. நெய்யாறு அணையை அடுத்த கள்ளிக்காட்டிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகவே பாதை செல்வதாலும், இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இருமுறை வரும் மழை இரும்பைத் துருவேற்றுவதாலும், சமதரை ஊர்களில் நெடுநாள் மறைந்து கிடக்கக்கூடிய பழுது இங்கே ஒரே நடையில் வெளிப்பட்டுவிடும். ஆகையால் இந்தச் சுற்றுதலை எங்கள் ஆசான்மார் ஒரு நித்திய கர்மமாகவே கருதினார்கள்.

சுற்றி வருவதென்றால் டயரைக் காலால் உதைத்துவிட்டு ஏறி உட்காருவதன்று. இரவெல்லாம் வண்டி நின்ற தரையை முதலில் நோக்க வேண்டும். என்ஜின் ஆயிலோ, கியர் ஆயிலோ, ரேடியேட்டர் தண்ணீரோ, டீசலோ கசிந்திருந்தால் தரையே அதைச் சொல்லிவிடும். பின்சக்கரங்கள் இரட்டையாதலால், உள்டயரில் காற்று இறங்கியிருந்தாலும் வெளிடயர் அதை மறைத்து நிற்கும். இரும்புக் கம்பியால் தட்டினால் காற்று நிறைந்த டயரில் கம்பி துள்ளித் திரும்பும், காற்றிறங்கியதில் மந்தமான ஓசை எழும். அந்த மந்தத்தை அலட்சியம் செய்து புறப்பட்டால், இரண்டு டயர் தாங்கவேண்டிய பாரத்தை ஒன்று தாங்கிச் சூடேறி, நடுவழியில் வெடிக்கும். வீல் நட்டின் அடியிலிருந்து துருக்கோடு ஒன்று வழிந்திருக்குமானால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையில் ஏற்பட்ட விரிசலையும், யூ போல்ட்டின் தளர்ச்சியையும், ஸ்டியரிங்கில் கூடிவிட்ட பிளேயையும் கண்ணும் கையும் சேர்ந்தே அறியும். இவற்றில் எதற்கும் மெக்கானிக்கின் படிப்பு வேண்டியதில்லை.

ஆயினும் டிரைவரின் சிரத்தை முழுவதும் சென்று குவிய வேண்டிய இடம் பிரேக்தான். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் காற்றோடு ஈரமும் கலந்து சென்று, டேங்கில் குளிர்ந்து தண்ணீராகத் தங்குகிறது. அதைத் தினந்தோறும் திறந்துவிடாவிட்டால் வால்வுகள் துருவேறிப் பழுதாகும். வடிகின்ற அந்தத் தண்ணீரில் எண்ணெய் மிகுதியாகக் கலந்து வருமானால், கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்துவிட்டது என்பதை அதைப் பிரித்துப் பார்க்காமலே ஒருவன் தெரிந்துகொள்ளலாம். டேங்கில் காற்று நிறைந்தபின் என்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே மீட்டரின் முள்ளைக் கவனித்தால், அது நிலையாக நிற்கிறதா, இறங்கிக்கொண்டே போகிறதா என்பது பிரத்தியட்சமாகும்; அப்போது கிளீனர் கீழே குனிந்து காற்றுச் சீறும் இடத்தைக் காதால் தேடுவான். காற்று முற்றும் இறங்கினால் பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும், ஆகையால் பயமில்லை என்று சிலர் சமாதானம் சொல்லுவதுண்டு. டேங்கில் காற்று நிறைந்திருந்தும், லைனர் தேய்ந்ததாலோ, டிரம் சூடேறியதாலோ பிடிமானமில்லாமற் போகும் பிரேக்கை அந்த ஸ்பிரிங் என்ன செய்யும்? அதுவும் அதே லைனரைத்தானே அழுத்த வேண்டும்! எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு என்ற பழைய விதி இதை அறிந்தே பிறந்தது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற கெட்ட பழக்கமும் சரிவரப் பார்க்கப்படாத பிரேக்கும் ஒன்றுசேர்ந்தால் நேர்வது என்ன என்பதைத் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய் மீண்டும் மீண்டும் உலகத்துக்குக் காட்டி வருகிறது.

அதிகப் பாரத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். விழிஞ்ஞம் துறைமுக வேலை 2015இல் தொடங்கிய பின்னர், கடலில் கொட்டும் பாறைகளைக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து சுமந்துகொண்டு டாரஸ் லாரிகள் எங்கள் சாலைகளில் ஓடலாயின. அனுமதித்த அளவை மீறி ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சட்டம் விதிக்கிறது. ஆனால் அபராதம் கட்டியதனால் பட்டையின் பலமோ பிரேக்கின் பலமோ பெருகிவிடாது.

அமரவிளைச் சோதனைச் சாவடியில் வரிக் காகிதங்களுக்காக லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்ற காலம் ஒன்று உண்டு. யாவரும் வெறுத்த அந்தக் காத்திருப்பில் எங்களுக்கு ஓர் அனுகூலமும் இருந்தது: ஹப்பைத் தொட்டுச் சூடு பார்க்கவும், இரட்டை டயர்களுக்கிடையே சிக்கிய கல்லைக் கெல்லி எடுக்கவும், பின்விளக்கு எரிகிறதா என்று அடுத்த வண்டிக்காரரைக் கேட்கவும் அவகாசம் கிடைத்தது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து வரிச்சாவடிகள் எடுக்கப்பட்டபின், மிச்சமான அந்த நேரம் வண்டிக்கும் வரவில்லை, டிரைவரின் உறக்கத்துக்கும் வரவில்லை. அடுத்த நடைக்கே போய்ச் சேர்ந்தது.

தினந்தோறும் பார்ப்பானேன், எப்.சி. என்னும் தகுதிச் சான்று இருக்கிறதே என்பார்கள். எட்டு வயது வரையில் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் வண்டியைக் காட்டி எப்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மையே; ஆனால் அந்த நாளுக்கென்றே நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றிக் கொடுத்த வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். "சீல் அடிச்ச கடலாசு பிரேக் பிடிக்காது, கேட்டியா மக்களே" என்று ஆசான் ஒருவர் சொல்லுவார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவும் அவர் பக்கமே நிற்கிறது: தெரிந்த பழுதோடு மட்டுமன்றி, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய அபாயகரமான பழுதோடு வண்டியை ஓட்டுவதும் குற்றம், அபராதம் 1,500 ரூபாய், அதனால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ உண்டானால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அல்லது இரண்டும். பார்க்கவில்லை என்ற சாக்கு செல்லாது என்பது நியாயமே. ஆனால் அதே பிரிவு, ஓட்டுகிறவனோடு ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்லுகிறது என்பதை ஏனோ ஒருவரும் பேசுவதில்லை. பழுதைக் கண்டுபிடிக்கும் கண் டிரைவருடையது. அதைச் சரிசெய்யும் பணம் முதலாளியுடையது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் நடை இல்லை, நடை இல்லையேல் பேட்டா இல்லை என்கிற ஏற்பாட்டில், பழுதைக் கண்டு சொல்லுகிறவன் தன் வீட்டு அரிசிக்கு விரோதமாகவே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் டிரைவர் தாம் கண்ட பழுதை எழுத்தில் கொடுத்தால், அதைச் சரிசெய்ததாகவோ, சரிசெய்யத் தேவையில்லை என்றோ கம்பெனி கையெழுத்திட்ட பின்பே வண்டி புறப்படலாம். அடுத்து ஓட்டுகிறவரும் அந்தக் காகிதத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகந்தான். எங்கள் பகுதி முதலாளிமார் ஒவ்வொரு வண்டியிலும் அப்படி ஒன்று வைத்து, அதில் டிரைவர் எழுதுவதை அன்றன்றைக்கே பார்த்துத் தாமும் கையெழுத்திட வேண்டும். வண்டி பழுது பார்க்க நிற்கும் நாட்களுக்கும் டிரைவருக்கும் கிளீனருக்கும் பேட்டா கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.