பலகையில் ஒரு கன்றுக்குட்டி

மாடிசன், விஸ்கான்சின்
நவம்பர் கடைசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் இங்கே தேங்க்ஸ்கிவிங். நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை என்று 1941-ல் சட்டம் போட்டு நிலைநிறுத்திய நாள். விருந்துக்கு நாயகன் வான்கோழி. விடியற்காலையில் அடுப்புக்குள் போனால் பிற்பகல்தான் வெளியே வரும். கூப்பிட்ட வீட்டார் அதைக் கவனித்துக்கொள்வார்கள். போகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. தெற்கே கிரீன் கவுண்டியில் முப்பது வருஷம் மாடு வைத்துப் பால் கறந்தவர். கணவர் காலமான பிறகு பண்ணையை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தார். வருஷா வருஷம் எங்களைக் கூப்பிடுவார். நாங்களும் உருளைக்கிழங்கு மசியல், ரொட்டி, பூசணிக்காய் 'பை' பலகாரம் என்று கறி படாத பக்கமாகத் தட்டை நிரப்பிக்கொண்டு, பசி பாதியும் சிரிப்பு மீதியுமாக வீடு திரும்புவோம். இந்த முறை அம்மாவும் இருக்கிறாள். பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கிறாள். பாட்டி வேலியோரம் நின்று உத்தரவு போட்டார்: சீஸ் போர்டு உங்கள் பொறுப்பு, நீங்கள்தான் கறி சாப்பிடாதவர்கள் ஆயிற்றே, அதுதான் உங்களுக்குச் சுலபம்.

சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன்.

போர்டு என்றால் நிஜமாகவே பலகைதான். மேப்பிள் மரமோ வால்நட் மரமோ. அதன் மேல் நாலைந்து வகை சீஸ், பக்கத்தில் உப்பு பிஸ்கட், கொட்டைகள், பழம், தேன். சாப்பாட்டுக்கு முன்னால் நின்றபடி கொறிக்கிற சமாச்சாரம். அத்திப்பழத்தைப் பூவாக நறுக்கி, திராட்சைக் கொத்தை அருவி மாதிரி தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதெல்லாம் கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டு போலத் தோன்றும். பார்க்க அழகு, கை வைக்கத்தான் கூச்சம்.

போகிற போக்கில் ஒரு புகார். சீஸைப் பள்ளிப் பாடத்தில் பாலாடைக்கட்டி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஏடு. சீஸ் அந்த ஏட்டில் செய்வதில்லை. பாலைத் திரித்து, தண்ணீரை வடித்து, மிஞ்சிய கட்டியை அழுத்திப் பதப்படுத்துவது. நம் வீட்டில் பால் திரிந்தால் அபசகுனம். இந்த மாநிலத்துக்கு அதுதான் பிழைப்பு. வண்டிகளின் எண் தகட்டிலேயே 'அமெரிக்காவின் பால்நாடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1935-ல் ஒரு சட்டம்கூடப் போட்டார்கள்: உணவுவிடுதிக்காரர் சாப்பாட்டோடு கொஞ்சம் விஸ்கான்சின் வெண்ணெயும் சீஸும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று. இரண்டு வருஷத்தில் அது காலாவதியானது. இன்னும் இருந்திருக்கலாம் என்று பாட்டி நினைக்கிறார்.

நவம்பர் நடுவில், வெளியில் நடக்கும் கடைசிச் சந்தைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டேன் கவுண்டி உழவர் சந்தை 1972-லிருந்து நடக்கிறது. சனிக்கிழமை காலைகளில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றியிருக்கும் சதுக்கத்தில் கூடும். தான் விளைவித்ததை, தான் செய்ததைத்தான் விற்கலாம். வாங்கி விற்க அனுமதி இல்லை. கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நகரும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். நடுவில் கோபுரம் மாதிரி வெள்ளைக் குவிமாடம். அம்மா நின்றுவிட்டாள்.

"என்னய்யா, எல்லாரும் இடமாச் சுத்துதாங்க!"

கோயில் இல்லைம்மா, சட்டமன்றம் என்றேன். அப்படியானால் சரி என்று நடந்தாள்.

ஒரு கடையில் சீஸ் கர்டு வாங்கிக் கொடுத்தேன். சீஸாக அழுத்துவதற்கு முந்தைய துண்டுகள், சுண்டுவிரல் பருமன். அன்றன்று செய்ததைக் கடித்தால் பல்லுக்கடியில் கீச்சென்று சத்தம் வரும். ஒரு ராத்திரி குளிர்ப்பெட்டியில் கிடந்தால் சத்தம் அடங்கிவிடும். அம்மா இரண்டாவது துண்டைக் கையில் எடுத்தபோதுதான் கேட்டாள்: "இதுக்கு என்ன உறை ஊத்துதாங்க?"

பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் சீஸ் தின்கிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

நம் தயிர், உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர் பாலைப் புளிக்க வைப்பதால் உறைகிறது. பனீருக்கு எலுமிச்சைச் சாறு போதும். சீஸுக்கு ரென்னட் வேண்டும். பால்குடி மாறாத கன்றுக்குட்டியின் நான்காவது வயிற்றில் ஊறுகிற நொதி அது. தாய்ப்பால் வழுக்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடாமல், வயிற்றிலேயே கட்டியாக நின்று நிதானமாகச் செரிக்க இயற்கை செய்து வைத்த ஏற்பாடு. கன்றை அறுத்தால்தான் அந்த வயிறு கிடைக்கும். கடைக்காரர் இதை ஒளிக்காமல் சொன்னார். தன்னுடையது அப்படியல்ல, நுண்ணுயிரிலிருந்து எடுத்தது என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். முதல் பாதியை மொழிபெயர்த்தபோது அம்மா கையிலிருந்த துண்டைப் பையில் திரும்பப் போட்டாள். இரண்டாம் பாதிக்குப் பிறகு அதையே தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: ஊரில் எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தில் கன்று குடித்து முட்டி முடித்த பிறகுதான் ஆச்சி செம்பை எடுத்துக்கொண்டு உட்காருவாளாம். சீம்பாலைக்கூட கன்றுக்குப் போக மிஞ்சினால்தான் வெல்லம் போட்டு அவிப்பார்களாம். "அது தானா இறுகும். அதுக்கு யார் வயித்தையும் கீற வேண்டாம்" என்றாள். கார் வீட்டு வாசலுக்கு வரும்வரை வேறு பேச்சு இல்லை.

அதன் பிறகு நான் உறைக்கும் உறைக்கும் கணக்குக் கேட்கிறவன் ஆகிவிட்டேன். அமெரிக்கப் பொட்டலங்களில் பெரும்பாலும் 'என்ஸைம்ஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். கன்றா, செடியா, பூஞ்சையா என்று அந்தச் சொல் வாய் திறக்காது. கன்றின் மரபணுவை நுண்ணுயிருக்குள் செலுத்தி அதே நொதியைத் தொட்டியில் வளர்க்க 1990-ல் இங்கே அரசு அனுமதி கொடுத்தது. இன்று இந்த நாட்டுச் சீஸில் பெரும்பகுதி அந்த வழியில் வருவதுதான். ஐரோப்பாவின் பேர்பெற்ற வகைகள் சில இதற்கு இசைவதில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் ரென்னட்டில்தான் செய்தாக வேண்டும், விதி அப்படி. போர்ச்சுகலின் செர்ரா டா எஸ்ட்ரெலாவுக்கோ ஒரு முட்செடியின் பூவை ஊறவைத்துப் பால் உறைய வைக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, பூவாலயே ஆகும்னா மத்தவங்களுக்கு என்ன கேடு என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஆக, ஒரு பலகை இரண்டு பலகை ஆனது. உறை என்னவென்று கேட்டு உறுதி செய்துகொண்டவை சின்னப் பலகையில். மற்றவை பெரியதில்.

சின்னதில் கோல்பி வைத்தேன். இந்த மாநிலத்தில் கோல்பி என்ற ஊரில் 1885-ல் பிறந்த சீஸ். துண்டுகளைக் குளிர்ந்த நீரில் அலசிவிடுவதால் புளிப்பு குறைவு, குழந்தைகளுக்கு ஏற்றது. அதன் ஆரஞ்சு நிறம் அன்னாட்டோ விதையின் சாயம், பாலின் நிறம் அல்ல. பக்கத்தில் பல வருஷம் பழுத்த செடார். அதை நறுக்கும்போது கத்தியில் நறநறவென்று ஏதோ தட்டும். உப்புக்கல் என்றாள் அம்மா. உப்பு இல்லை, பழுக்கப் பழுக்கத் தானாகப் படிகிற கால்சியம் லாக்டேட் மணிகள். இதைக் குறை என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்த நறநறப்புக்காகவே கூடுதல் காசு கொடுக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. அப்புறம் ஒரு நீலச் சீஸ். நீளமான ஊசிகளால் குத்தி உள்ளே காற்று புகவிட்டு, அந்தத் துளை வழியாகப் பூஞ்சையை ஓடவிடுகிறார்கள். பூசணம் பூத்ததற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று அம்மா கேட்டதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

பெரிய பலகையின் நடுவில் வைத்தது ரஷ் க்ரீக் ரிசர்வ். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாடிசனுக்கு மேற்கே டாட்ஜ்வில் ஊரருகே அப்லேண்ட்ஸ் என்று ஒரு பண்ணை. கோடையில் மாடுகள் பச்சைப் புல் மேயும்போது கறக்கும் பாலில் அவர்கள் செய்வது பிளெசன்ட் ரிட்ஜ் என்ற கெட்டிச் சீஸ். இலை உதிரத் தொடங்கி, மாடுகள் பச்சைப் புல்லிலிருந்து உலர்ந்த புல்லுக்கு மாறும்போது பால் குறையும், கொழுப்பு ஏறும். அந்தக் கொழுத்த பாலைக் காய்ச்சாமல் அப்படியே உறைய வைத்து, இடுப்பில் ஸ்ப்ரூஸ் மரப்பட்டையை வளையமாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டாவிட்டால் வழிந்து ஓடிவிடும், அவ்வளவு இளக்கம். காய்ச்சாத பாலின் சீஸ் குறைந்தது அறுபது நாள் பழுக்க வேண்டும் என்று இங்கே 1949-லிருந்து விதி. செப்டம்பர் பாலோடு அறுபது நாளைக் கூட்டிப் பாருங்கள், சரியாக இந்த விருந்து வந்து நிற்கும். 2010-ல்தான் முதலில் வந்தது. அரசு விதி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நிலையில் 2014-ல் செய்யாமலே விட்டார்கள். அடுத்த வருஷம் திரும்ப வந்தது. மேல்தோலை மூடி மாதிரி கீறி எடுத்துவிட்டுக் கரண்டியால் அள்ள வேண்டும். புகை போட்ட கறியின் வாசனை அடிக்கும், கறி இல்லாமலேயே.

லிம்பர்கர் என்ற சீஸையும் வாங்கியிருந்தேன். பாட்டியின் கணவர் அதை ரை என்ற தானியத்தின் ரொட்டியில் பச்சை வெங்காயத்தோடு சாப்பிடுவாராம். வாசலில் நான் பொட்டலத்தை நீட்டியதும் பாட்டி முகம் மலர்ந்தது. கை மட்டும் கராஜைக் காட்டியது. ஈரச் சாக்ஸ் வாடை. மனித பாதத்தில் வாழ்கிற நுண்ணுயிரின் நெருங்கிய உறவுக்காரன் செய்கிற வேலை அது.

பலகைகளைப் பார்த்ததும் பாட்டி தோட்டக்காரர் மண்ணைத் தொடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தினார். எப்போது குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தாய்? இப்போதுதான். அப்படியானால் ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு மேலே துணி போட்டு மூடினார். சில்லென்று இருந்தால் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனை எழாது. பணம் கொடுத்து மெழுகு தின்ற மாதிரிதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி கேட்டார். நீலத்தைத் தொட்ட கத்தி கோல்பியைத் தொட்டால் குழந்தைகள் அழுவார்கள். ஆளுக்கு அறுபது கிராம் போதும் என்று கணக்கும் சொன்னார். பதினாலு பேர். நான் இரண்டு கிலோ வாங்கியிருந்தேன், நம் கை அப்படி.

சுற்றிவர உலர்ந்த கிரான்பெரி போட்டேன். இந்த நாட்டுக் கிரான்பெரியில் பாதிக்கு மேல் விஸ்கான்சினில்தான் விளைகிறது. ஹனிக்ரிஸ்ப் ஆப்பிளை நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீரில் நனைத்தேன். சந்தையில் வாங்கிய ஹிக்கரிப் பருப்பும் இருந்தது. அம்மா தன் பங்குக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பு நார்த்தங்காயைக் கிண்ணத்தில் வைத்தாள், உடன்குடிக் கருப்பட்டியையும் உடைத்து வைத்தாள். உங்கள் வாசகர்கள் அடுத்ததாக எதை எதிர்பார்ப்பார்கள் என்று தெரியும். அமெரிக்கர்கள் நார்த்தங்காயைச் சுவைத்துச் சொக்கிப்போனார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. செடாரே உப்பு, அதன் மேல் நார்த்தங்காய் என்றால் உப்புக்கு மேல் உப்பு. பாட்டியின் பேரன் ஒரு துணுக்கை வாயில் போட்டுவிட்டு மரியாதையாகக் குளியலறை பக்கம் போனான். கருப்பட்டி மட்டும் நீலச் சீஸோடு நன்றாகச் சேர்ந்தது. தேனைவிட மேல் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் என்னோடு இன்னும் ஒருவர்தான் இருந்தார்.

நான் எதிர்பாராதது சின்னப் பலகை. அது எதற்குத் தனியாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அம்மா தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முப்பது வருஷம் பால் கறந்த பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆண் கன்றுகளை வண்டியில் ஏற்றி அனுப்பும் நாளில் நான் தொழுவத்துக்குப் போகவே மாட்டேன், கணவர்தான் போவார் என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் அம்மா அவர் தட்டில் ஒரு துண்டு கோல்பியை எடுத்து வைத்தாள்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ரஷ் க்ரீக்கில் மரப்பட்டை மட்டும் மிஞ்சியது. லிம்பர்கர் இன்னும் அவர் கராஜில்தான் இருக்கிறது. அடுத்த நவம்பரிலும் பலகை எங்கள் பொறுப்புதான் என்று பாட்டி சொல்லிவிட்டார். நார்த்தங்காய் மட்டும் வேண்டாமாம்.