இரண்டு சக்கரங்களில் சங்கரநயினார் கோவில்

ஓர் ஊரைக் காண்பதற்கு மோட்டாரைவிடச் சைக்கிள் சிலாக்கியமானது; சைக்கிளைவிடக் கால்நடை சிலாக்கியமானது. மேனாட்டார் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன் போன்ற நகரங்களில் பெரிய உத்தியோகஸ்தர்களும் பள்ளி மாணவர்களும் ஒருங்கே சைக்கிளில் செல்வதைக் காணலாம். நம்மவர்கள் அங்கே சென்றால், வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு சந்து பொந்தெல்லாம் சுற்றிவிட்டு வந்து, அதைப் பற்றி ஆறு மாதம் பேசுவார்கள்.

எங்கள் டாக்டர் நண்பர் ஹாலந்து தேசம் போய் வந்தவர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாய்களையும் பாலங்களையும் அவர் வர்ணிக்கத் தொடங்கினால் காப்பி ஆறிவிடும். ஒரு நாள் வக்கீல் நண்பருக்குப் பொறுமை எல்லை கடந்துவிட்டது.

"ஓய், டாக்டரே! அந்த ஊர்ப் பாலமெல்லாம் உமக்கு மனப்பாடம். உம்முடைய பாட்டனார் ஊர் சங்கரன்கோவில். அங்கிருந்து புலித்தேவர் கோட்டைக்கு எந்தத் திசையில் போகவேண்டும்? சொல்லும் பார்ப்போம்!" என்றார்.

டாக்டர் ஆறிய காப்பியைக் குடித்தார். அதன் பலனாக, தை பிறந்த சில நாட்களில் நாங்கள் நால்வரும், விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் ரயிலில் ஏறிச் சங்கரன்கோவிலில் இறங்கினோம்.

பழைய தஸ்தாவேஜுகளில் இவ்வூருக்குச் 'சங்கரநயினார் கோவில்' என்று பெயர். 2019ஆம் ஆண்டு வரையில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பிறகு தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. முதல் நாள் முழுவதும் நடந்தே பார்ப்பது என்று தீர்மானித்தோம். எந்தத் தெருவில் புகுந்தாலும் விசைத்தறியின் சப்தம் தாளம் தவறாமல் உடன் வருகிறது. பூக்கடைப் பக்கம் சென்றால், கண்ணுக்கு முன்னால் மூக்கே மல்லிகையைக் கண்டுகொள்கிறது. சந்து எதுவாயினும் முடிவில் 125 அடி உயரமுள்ள ஒன்பது நிலை ராஜகோபுரம் வந்து நிற்கும். வழி தப்பினோமே என்ற கவலை இவ்வூரில் யாருக்கும் வேண்டியதில்லை.

கோவிலின் கதை ஒரு வழக்கில் ஆரம்பமாகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜர்கள். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமாலின் பக்தன். யாருடைய தெய்வம் பெரியது என்று சண்டை மூண்டு, அம்பிகையிடம் நியாயம் கேட்கப் போனார்கள். அம்பிகையோ தீர்ப்புச் சொல்லவில்லை. புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். ஆடி மாதத்துப் பௌர்ணமியில் இறைவன், வலப் பாதி சிவனாகவும் இடப் பாதி திருமாலாகவும், ஒரே திருமேனியில் காட்சி கொடுத்தான். ஆடித் தபசு என்னும் திருவிழா இன்றைக்கும் அதைத்தான் கொண்டாடுகிறது. அப்போது சுற்றுப்புறக் குடியானவர்கள் பருத்தியையும் வற்றலையும் சப்பரத்தின்மேல் சூறைவிட்டு மகிழ்வார்கள்.

"நாற்பது வருஷம் கோர்ட்டில் நின்றிருக்கிறேன். இரண்டு கட்சியும் ஜெயித்த தீர்ப்பை இங்கேதான் பார்க்கிறேன், அப்பீலுக்கும் வழியில்லை!" என்றார் வக்கீல்.

உள்ளே சங்கரலிங்கர் சந்நிதி ஒரு புறம், கோமதியம்மன் சந்நிதி மற்றொரு புறம், நடுவே சங்கரநாராயணர். இங்கே திருநீறும் உண்டு, தீர்த்தமும் உண்டு. அபிஷேகம் மட்டும் மூலவருக்குச் செய்வதில்லை. அங்குள்ள ஸ்படிக லிங்கத்துக்கே செய்கிறார்கள். சாதி சமய வேறுபாடின்றி யாவரும் நெற்றியில் இட்டுக்கொள்வது புற்றுமண். பாம்புகளின் சண்டை நடந்த இடத்தில் அவற்றின் புற்றுமண்ணே பிரசாதமாகிவிட்டது.

பிரகாரம் சுற்றி வரும்போது, 'புலித்தேவர் அறை' என்று ஓரிடத்தைக் காட்டினார்கள். நெற்கட்டும்செவல் பாளையக்காரரான புலித்தேவரைக் கைது செய்து கொண்டு சென்றார்களாம். வழியில் இக்கோவிலில் சுவாமி தரிசனம் செய்ய வேண்டுமென்று அவர் கேட்டாராம். உள்ளே போனவர் ஜோதியில் மறைந்தார் என்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் சொல்லிவரும் செய்தி. அந்த அறையின் முன் நின்றபோதே மறுநாள் பிரயாணம் நிச்சயமாகிவிட்டது.

மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இப்போதெல்லாம் எளிதில் அகப்படுவதில்லை. எங்களுக்கு இடம் கொடுத்த வீட்டாரே நான்கு சைக்கிள்கள் தேடிக் கொடுத்தார்கள். அவற்றில் இரண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையின்றி வழங்கியவை. டாக்டர் ஏறியதும் அவருடைய வண்டி முனகிற்று. ஹாலந்துச் சைக்கிள் இப்படி முனகியதில்லை என்றார். "அங்கே நீர் இவ்வளவு இட்லி சாப்பிட்டிருக்க மாட்டீர்" என்றார் புகைப்பட நண்பர்.

வடமேற்கே செல்லச் செல்ல மலைத்தொடர் நெருங்கி வருகிறது. குளங்களில் தண்ணீர் இருந்தது. கரையில் கொக்குகள் இருந்தன. தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சைக்கிள்லயா வந்தீய? கார் கெடைக்கலியா அண்ணாச்சி?" என்று மிகுந்த அனுதாபத்துடன் கேட்டார்.

நெற்கட்டும்செவலில் அரசாங்கத்தார் அமைத்த நினைவு மாளிகை இருக்கிறது. 1755ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி கர்னல் ஹெரான் இங்கே பீரங்கியுடன் வந்து கப்பம் கேட்டான். புலித்தேவர் மறுத்துவிட்டார். பெரிய பீரங்கியும் போதிய உணவும் இல்லாமல் ஹெரான் திரும்ப நேர்ந்தது. சிப்பாய்க் கலகம் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்கு நூறு வருஷங்களுக்கு முன் நடந்தது இது. புலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்க்கப் பாடுபட்டார். கிழக்கே எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அவருடன் சேரவில்லை. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் தளபதி யூசுப்கான் கோட்டையைப் பிடித்தான். அந்த யூசுப்கானே பின்னர் தன் எஜமானர்களுடன் பகைத்துக்கொண்டு, 1764ஆம் ஆண்டு மதுரையில் தூக்கிலிடப்பட்டான். சேராமற்போன பாஞ்சாலங்குறிச்சியின் முறை 1799ஆம் ஆண்டில் வந்தது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கேறினான். ஒவ்வொருவராகத் தனித்து நின்றார்கள், ஒவ்வொருவராக வீழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கிழக்கே கிளம்பினோம். கழுகுமலை சுமார் 20 கிலோமீட்டர். இருபுறமும் கரிசல் காடு. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) இந்தச் சீமையைச் சேர்ந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் காவடியுடன் கழுகுமலைக்கு நடந்து செல்கையில் பாடியவை அவருடைய சிந்துகள். நடக்கிறவனின் அடிக்குத் தக்கபடி அமைந்த மெட்டு, மிதிக்கிறவனின் காலுக்கும் பொருந்துகிறது என்பதை நாங்கள் கண்டறிந்தோம். எங்கள் குரலுக்குத்தான் பொருந்தவில்லை.

கழுகுமலையில் ஒரே குன்றில் மூன்று உலகங்கள். அடிவாரத்தில் முருகப் பெருமானின் குடைவரைக் கோவில். மேலே வெட்டுவான் கோவில்: எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில், எல்லோராக் கைலாசநாதர் கோவிலைப் போல, மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செய்தது. இன்னும் சற்று அப்பால் 100க்கு மேற்பட்ட சமணத் திருவுருவங்கள். பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகையும் பாறையில் புன்முறுவலுடன் இருக்கிறார்கள். கீழே உள்ள வட்டெழுத்துக்களில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. ஒன்றைச் செதுக்கியவர்கள் மற்றொன்றைச் சிதைக்கவில்லை.

வெட்டுவான் கோவிலில் விமானம் முடிந்திருக்கிறது. அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. தகப்பனும் மகனும் போட்டி போட்டுச் செதுக்கினார்கள் என்றும், மகனின் கைத்திறன் கண்டு பொறாத தகப்பன் அவனைக் கொன்றுவிட்டதால் வேலை நின்றுவிட்டது என்றும் ஊரார் கதை சொல்கிறார்கள். டாக்டர் வெகுநேரம் அந்தப் பாறையருகே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் ஆம்ஸ்டர்டாமைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று நாளில், சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள், நம் தேசத்தின் கதை முழுவதையும் கண்டுவிட்டதாக எங்களுக்குத் தோன்றிற்று. சங்கரநயினார் கோவிலில் சண்டைக்காரர்கள் ஒரே சந்நிதியில் நிற்கிறார்கள். நெற்கட்டும்செவலில் சேர வேண்டியவர்கள் சேரவில்லை. நமக்குள் வழக்கு எழும்போதெல்லாம் இந்த இரண்டு வழிகளே நம் முன் இருக்கின்றன.

ஆடித் தபசுக்குச் செல்லும் அன்பர்கள் இரண்டு நாள் சேர்த்துத் தங்குவார்களாக. குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வெயிலுக்கு முன் கிளம்பி, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவான் கோவிலின் செதுக்காத பாறையைக் கண்டதும், "இதை ஏன் முடிக்கவில்லை?" என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். உட்கார வைத்து, நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.