கழுகு எங்கே குத்தப்பட்டிருந்தது?

பெரம்பலூரில் பழைய பித்தளை, ஈயம் எடுக்கும் கடையொன்றில், உடைந்த குத்துவிளக்குத் தண்டுகளுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் நடுவே ஒரு சின்னக் கழுகு கிடந்தது. விரிந்த சிறகு. பின்பக்கம் குத்திக்கொள்ள ஊசி. மேல் முலாம் போன இடத்தில் பித்தளை தெரிந்தது. "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் தம்பி, சட்டையில குத்திக்குவாங்க" என்றார் கடைக்காரர். யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். மூட்டையோடு எடைக்கு வந்ததாம், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் விமானப்படைக் கழுகின் சாயல் அதில் அப்படியே இருந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைப்பது அதிசயமில்லை. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கிறது. ஆனால் அது எந்தக் கழுகு என்று சொல்வதுதான் கடினம். அந்தப் படையின் அதிகாரிகள் தொப்பியில் கிரீடத்துக்குக் கீழே வைத்தது இப்படியொரு கழுகைத்தான். 'பாத்ஃபைண்டர்' படைப்பிரிவில் பறந்தவர்களுக்குத் தனி மரியாதையாகக் கொடுத்ததும் ஏறத்தாழ இதே கழுகுதான், கிரீடம் இல்லாமல்.

அந்தப் படைப்பிரிவு ஏன் வேண்டியிருந்தது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புரியும். பிரிட்டிஷ் குண்டுவீச்சு எவ்வளவு குறி தவறுகிறது என்று ஆராய்ந்து 1941 ஆகஸ்டில் வந்த பட் அறிக்கை, இலக்கைத் தாக்கிவிட்டதாகச் சொல்லித் திரும்பிய விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 8 கிலோமீட்டர் தூரத்துக்குள் குண்டு போட்டிருந்தது என்று கண்டது. பெரம்பலூர் பேருந்து நிலையத்தைக் குறிவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், ஊரையே தாண்டி ஏதோ சோளக்கொல்லையில் போட்டுவிட்டுப் போனதுபோல. இரவில், மேகத்துக்கு மேலே, வழி தெரியவில்லை. அதனால் 1942 ஆகஸ்ட் 15 அன்று, ஆஸ்திரேலியரான டான் பென்னட் தலைமையில் தேர்ந்த விமானக் குழுக்களைத் திரட்டினார்கள். அவர்கள் முன்னால் போய்ச் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஒளிக்குண்டுகளால் இலக்கைக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அந்த ஒளியைப் பார்த்துத் தாக்குவார்கள். மற்ற குண்டுவீச்சுக் குழுக்களுக்கு ஒரு சுற்றுப் பணி 30 தாக்குதல். இவர்களுக்கு 45. போர் முடிவதற்குள் இவர்களில் 3,600 பேருக்கு மேல் இறந்தார்கள். இவர்கள் காட்டிய ஒளியின் கீழே ஹாம்பர்க் போன்ற நகரங்களில் பல்லாயிரம் பொதுமக்களும் இறந்தார்கள். அந்தக் கழுகைக் கையில் எடுக்கிறவர் இந்த இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாத்ஃபைண்டர் கழுகை இடது மார்புப் பையின் மூடியில், பதக்க ரிப்பன்களுக்குக் கீழே குத்திக்கொள்வார்கள். தாக்குதலுக்குப் பறக்கும்போது குத்தக் கூடாது. எதிரியிடம் பிடிபட்டால் இவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். முதலில் தற்காலிகமாகத் தருவார்கள். பணிச் சுற்றை முடித்தவருக்கே அது நிரந்தரம். அதற்கென்று ஒரு சான்றிதழும் உண்டு. பெயர் அந்தச் சான்றிதழில்தான்; உலோகத்தில் எதுவும் எழுதியிருக்காது. பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கு இர்வின் கம்பெனி கொடுத்த தங்கக் கம்பளிப்பூச்சி ஊசியின் பின்புறத்தில் பெயராவது பொறித்திருக்கும். இந்தக் கழுகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத பொருளின் இந்தக் கதை அரியலூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகத் தோன்றாது. காரையிலும் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் கல்லாகிப்போன கிளிஞ்சல்களைப் பொறுக்கி வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காமல் எடுத்து வந்த கல்லைப் பார்த்துப் புவியியல் ஆய்வாளர் உதட்டைப் பிதுக்குவார். பெயரை ஒருவேளை சொல்லிவிடுவார். அது எந்தக் கடலடியில், எவற்றோடு கிடந்தது என்பது போனது போனதுதான். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் இன்றைக்கும் பேசுகிறது என்றால், ஏறக்குறைய 18 மீட்டர் நீளத்தோடு அது கிடந்த இடத்திலேயே கிடப்பதால்தான்.

கடையில் பார்த்த கழுகைத் தொப்பிக் கழுகு என்றுதான் நான் குறித்துக்கொண்டேன். வேறு சான்று இல்லாதபோது அரிதான பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. சூட்டினால், உண்மையிலேயே 45 முறை போய்வந்த ஒருவரின் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்ததாகிவிடும்.

வீட்டில் தாத்தாவின் பழைய யூனிஃபார்ம் பெட்டி இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுதல் உண்டு. பித்தளையைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். துணியிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள். பறந்தவராக இருந்தால், நாள், விமானம், இலக்கு என வரிவரியாக எழுதிய லாக் புக் ஒன்று அவரிடம் இருந்திருக்கும். பழைய கணக்கு நோட்டு என்று அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழுகே தொலைந்து போயிருந்தாலும், இடது மார்புப் பையின் மூடியை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரிப்பன் தைத்த தடத்துக்குக் கீழே ஊசித் துளைகள் தெரிந்தால், லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்.